அமுதவல்லியின் பாட்டில்

ஜூன் 3, 2024, திங்கள்

இந்த நோட்டில் ஒயின் குறிப்புகளைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. பிரான்ஸில், லியோனில் ஓர் உணவகத்தில் முப்பத்தொரு வருடம் ஒயின் பரிமாறியபோது தொடங்கிய பழக்கம். புதுச்சேரிக்குத் திரும்பி எட்டு வருடமாகியும் விடவில்லை. கடைசிக் குறிப்பு போன டிசம்பர் 24-ஆம் தேதி. ஜனவரியில் கடும் காய்ச்சலில் படுத்தேன், அதற்குப் பிறகு சளி விட்டபாடில்லை. சளியோடு ஒயினைப் பற்றி எழுதுவது நேர்மையில்லை என்று நிறுத்திவைத்திருந்தேன்.

இன்று எழுதுவது வேறு காரணத்துக்காக. தங்கை மகன் கல்யாணத்துக்காகக் காரைக்கால் போன நானும் மனைவி செசிலும் பதினெட்டு நாள் கழித்துக் காலையில்தான் குருசுக்குப்பத்து வீட்டைத் திறந்தோம். உள்ளே நுழைந்ததும் வீடு அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது. ஒயினைக் குளிரில் வைக்கும் அலமாரியின் உறுமல் இல்லை. ஸ்டெபிலைசர் கருகிக் கிடந்தது. என்றைக்குக் கருகியதோ. அலமாரிக்குள் வெப்பமானி 36 காட்டியது. இருக்க வேண்டியது 14. கத்திரி வெயிலில் இப்படியே நின்றிருக்கிறது.

உள்ளே பதினான்கு பாட்டில்கள். எட்டு என்னுடையவை. ஐந்து, நண்பர் டாக்டர் கலியபெருமாள் கொடுத்துவைத்தவை. அடித்தட்டில் தனியாகப் படுத்திருப்பது நண்பன் தணிகாசலத்தினுடையது. 1990-ஆம் வருடத்துப் பிரெஞ்சு ஒயின், போர்தோ.

என்ன ஆச்சு என்று செசில் குழாயடியிலிருந்து கேட்டாள். ஃபியூஸ் போயிருக்கிறது என்றேன். வீடெல்லாம் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் அடிக்கிறதே என்றாள். ஆமாம், அடிக்கிறது என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

மெக்கானிக் வந்து புது ஸ்டெபிலைசர் மாட்டினார். சாயங்காலம் 14-க்கு இறங்கிவிட்டது. பார்த்தால் எதுவுமே நடக்காதது போல் இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

தணிகாசலம் வந்திருந்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருடம் இருந்த சொல்தா. இன்னும் முதுகு வளையாமல்தான் நாற்காலியில் உட்காருவான். இன்று உட்காரவில்லை. உள்ளே வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, அமுதவல்லியின் கடைசி ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டது என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அமுதா அவனுடைய ஒரே மகள். வயது முப்பத்திநாலு, பிரான்ஸில் தூலூஸ் நகரத்தில் வேலை. மார்பில் வந்த புற்றுநோயோடு இரண்டு வருடம் போராடினாள். தாய் இல்லாத பெண். இவன் போவதும் வருவதுமாக இருந்தான். இங்கே இருக்கும்போது ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் வருவான்.

அவள் ஜூலையில் வருகிறாளாம். 13-ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு என்று அவனே முடிவு செய்துவிட்டான். டாக்டரும் அவருடைய பாட்டில் ஒன்றைத் திறக்கட்டும், நானும் ஒன்றைத் திறக்க வேண்டும், கடைசியில் 1990. அவள் பிறந்த வருடத்து ஒயின். அவள் கல்யாணத்துக்கென்று வாங்கி முப்பது வருடமாக வைத்திருந்தது. இனி எதற்கும் காத்திருப்பதாக இல்லை என்றான்.

நான் என்ன சொன்னேன்? நல்ல யோசனை என்றேன். போகும்போது அலமாரியின் கண்ணாடி வழியாக அதைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஜூன் 17, திங்கள்

பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்துவிட்டது. நான் அதே சமையலறையில் மேசைக்கு முன்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செசில் மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பாத்திரத்தை ஊறவைத்துவிட்டு மறுபடி மாடிக்குப் போனாள்.

செய்தி சுவாரசியமாக இருந்தது. கவனிக்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

என்னுடைய பாட்டில்களில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். மேல்தட்டில் இருந்த 2001. கார்க் இரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்பியிருந்தது. மூடித்தகட்டுக்கு அடியில் பிசுபிசுப்பு. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது. இந்த அளவுக்குக் கண்ணுக்குத் தெரியும். இதற்கு மேல் மூக்கு சொல்ல வேண்டும்.

கிளாஸில் ஊற்றிச் சுழற்றினேன். மூக்கை வைத்தேன். பத்து நிமிடம் விட்டு மறுபடி வைத்தேன். வாயில் ஊற்றினால் புளிப்பு, தொண்டையில் ஒரு சூடு. கெட்டுப்போயிருக்கலாம். நன்றாகவும் இருக்கலாம். என் முன்னால் ஒரு கிளாஸ் சிவப்புத் தண்ணீர் இருந்தது.

சளி இன்னும் போகவில்லை.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த செசில் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்றேன். கிளாஸை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். கீழே வைத்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்றைக்குமே ஒயின் குடித்ததில்லை. அவளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லலாமா என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது.

ஜூலை 2, செவ்வாய்

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்பதில் செசிலோடு சண்டை. பழைய ஒயினுக்கு மசாலா ஆகாது, கோழியை வெறும் உப்பும் வெண்ணெயும் தடவிச் சுடு, உருளைக்கிழங்கு, ரொட்டி, சீஸ் போதும் என்றேன். பத்தியச் சாப்பாடா போடப் போகிறோம், அந்தப் பெண் பிழைத்து வந்திருக்கிறாள், வடகம் போட்டு ஆட்டுக்கறி வைக்கிறேன் என்றாள். அவள் சொல்வதைக் கேட்டிருக்கலாம். வடகத்தின் வாசத்தில் எந்தக் குறையும் மறைந்திருக்கும். ஆனால் டாக்டருக்கு உடனே சந்தேகம் வரும். லியோனில் ஒயின் பரிமாறிய எத்தியேன் அடைக்கலம் வீட்டில், முப்பது வருடத்து ஒயினோடு, வடகக் குழம்பா?

ஜூலை 8, திங்கள்

அமுதா வந்து பார்த்துவிட்டுப் போனாள். தலைமுடி பையன்களைப் போல் குட்டையாக வளர்ந்திருக்கிறது. மெலிந்திருக்கிறாள். செசில் அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

சிகிச்சையின்போது ஒரு வருடத்துக்கும் மேல் வாயில் ருசியே இல்லாமல் போய்விட்டதாம், எதை வைத்தாலும் செப்புக்காசை நக்குவது போல் இருந்ததாம். இந்த மார்ச்சில் ஒரு நாள் ஆரஞ்சு உரித்தபோது வாசனை திரும்பி வந்தது, பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த பாட்டிலைப் பற்றி அப்பா போனில் தினமும் பேசுகிறார் என்றாள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். காபி ஆறிவிட்டது.

ஜூலை 11, வியாழன்

1990-ஐ அடித்தட்டிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்தேன், கசடு கீழே இறங்கட்டும் என்று. மூடித்தகட்டைச் சுற்றி விரலால் தடவினேன். லேசான பிசுக்கு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

மிஷன் வீதிக் கடையில் ஒரு 2016 போர்தோ வாங்கினேன். சமையலுக்கு. எதற்கு இது என்று செசில் கேட்கவில்லை. கோழியை வெண்ணெயில்தான் சுடுகிறோம் என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 13, சனி, பிற்பகல்

மேசை போட்டாயிற்று. ஐந்து பேர், பதினைந்து கிளாஸ். வெள்ளைத் துணி விரித்தாயிற்று. டியூப்லைட் வேண்டாம், மஞ்சள் விளக்கு போதும் என்று செசிலிடம் சொல்லியிருக்கிறேன்.

துடைத்த கிளாஸ்களையே மறுபடி துடைத்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு முறைகூட இப்படிச் செய்ததில்லை.

ஜூலை 14, ஞாயிறு, காலை

நேற்றைய விருந்து நல்லபடியாக முடிந்தது.

ஏழு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். தணிகாசலம் கோட்டு போட்டிருந்தான். அமுதா கத்திரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை, அவள் அம்மாவுடையதாம். டாக்டர் வழக்கம்போல் சட்டைப்பையில் சின்ன நோட்டோடு வந்தார். நான் சொல்லும் வார்த்தைகளை எழுதிக்கொள்வார்.

முதலில் என்னுடைய 2004. எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிளம், ஈரமண், கொஞ்சம் தோல் வாசம் என்றேன். அந்த ஒயின் அப்படித்தான் இருக்கும், பழைய நோட்டில் இருக்கிறது.

அடுத்தது டாக்டருடைய 1998, பர்கோன் ஒயின். ஊற்றிவிட்டு செர்ரி என்றேன், மழையில் நனைந்த சருகு என்றேன். டாக்டர் பேனாவைத் திறந்தார். ஒரு மிடறு குடித்தார். பேனாவை மூடினார். "ஆமா, சருகு இருக்கு" என்றார். தண்ணீர் கேட்டார். தணிகாசலம் ரொட்டியை எடுத்து மென்றான். யாருடைய கிளாஸும் காலியாகவில்லை. செசில் கோழியைக் கொண்டுவந்து வைத்தாள், பேச்சு வேறு பக்கம் போயிற்று. அமுதா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டரை மணிக்கு நான் சமையலறைக்குப் போனேன். 1990-ஐ ஐந்து மணிக்கே திறந்து குடுவையில் ஊற்றி வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். பிறகு குடுவையும் காலி பாட்டிலும் மேசைக்கு வந்தன. பாட்டிலைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருடத்தைத் தடவிப் பார்த்தான்.

எல்லோருக்கும் ஊற்றினேன். அவன் எழுந்து நின்று பேச ஆரம்பித்தான். பிரான்ஸில் ஃப்ரெஜூஸ் ராணுவ முகாமில் இருந்தபோது, மகளுக்கு மூன்று வயதில், மனைவியும் அவனும் போய் இதை வாங்கிய கதை. பாதியில் நிறுத்தினான். குடித்தான். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. இதைப் போல ஒன்றை வாழ்க்கையில் குடித்ததில்லை என்றான். டாக்டரும் பிரமாதம் என்றார், பேனாவைத் திறந்து எழுதினார். கேதுரு மரம், உலர்ந்த அத்தி, புகையிலை என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

அமுதா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். செசிலும் பின்னாலேயே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நல்லபடியாக முடிந்தது.

அதே நாள், பிற்பகல் மூன்று மணி

காலையில் எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும். அதில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நேற்று மேசைக்கு வந்தது 1990 இல்லை. கடையில் வாங்கிய 2016. இரண்டையும் ஒரே மாதிரியான இரண்டு குடுவைகளில் ஊற்றி வைத்திருந்தேன். டாக்டர் பேனாவை மூடியதைப் பார்த்ததும் அவருடைய பர்கோன் கெட்டுவிட்டது என்று தெரிந்துபோனது. அப்படியானால் 1990-ம் கெட்டிருக்கும். அடுப்பங்கரையில் நின்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். புளிப்பு, சூடு, அவ்வளவுதான். மற்றதை எடுத்துக்கொண்டு போனேன்.

இன்று பத்து மணிக்கு அமுதா தனியாக வந்தாள். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள் என்பதால் தணிகாசலம் பதக்கங்களைக் குத்திக்கொண்டு மற்ற சொல்தாக்களோடு கடற்கரை நினைவுச் சின்னத்துக்குப் போயிருந்தான். அவள் உட்கார்ந்தாள். செசிலும் வந்து எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் பேசிவைத்துக்கொண்டது போல் இருந்தது.

"மாமா, உங்களுக்கு எப்பலேருந்து வாசனை தெரியல?"

சளி என்று ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்க மூக்கை கிளாஸுல வச்சீங்க. மூச்சை இழுக்கவே இல்ல. நானும் ஒரு வருஷம் அப்படித்தான் செஞ்சேன். அப்பா ஆக்கிப் போடுறதையெல்லாம் ஆகா ஓகோன்னு சொல்லிக்கிட்டு."

நான் செசிலைப் பார்த்தேன். அவளுக்குப் பிப்ரவரியிலிருந்தே தெரியுமாம். சாம்பார் ஊசிப்போன அன்று நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேனாம். நானே சொல்லட்டும் என்று இருந்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருந்தது. ஐந்து மாதக் கோபம்.

பிறகு மீதியை அமுதா சொன்னாள். தட்டுகளை வைக்கப் போனபோது அடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு குடுவை இருப்பதைப் பார்த்திருக்கிறாள். நிறம் வேறாக இருந்திருக்கிறது, ஓரத்தில் செங்கல் பொடி போல, பழைய ஒயினுக்கு வரும் நிறம். மோந்து பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள்.

"அது கெட்டுப்போகல மாமா. நல்லா இருந்துச்சு."

அடித்தட்டு. தரையை ஒட்டிய தட்டு. மேலே வெந்துபோனதெல்லாம் வெந்துபோக, அது தப்பித்திருக்கிறது. என் வேலையே அதைக் கண்டுபிடிப்பதுதான். நான் அதை அடுப்பங்கரையில் விட்டுவிட்டுக் கடைச் சரக்கைக் கொண்டுபோய் ஒரு அப்பனை அழவைத்திருக்கிறேன்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாலு பேர் நடுவில் உங்களைத் தலைகுனிய வைக்கவா என்றாள் செசில். மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி, காற்றுப் புகாமல் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். எத்தனை வருடம் நான் செய்வதைப் பார்த்திருக்கிறாள்.

முப்பத்திநாலு வருடத்து ஒயின் திறந்த பிறகு ஒரு நாள் தாங்கினால் பெரிது. நேற்று ஐந்து மணிக்குத் திறந்தது. அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு அமுதா போய்விட்டாள். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

சட்டை மாற்றிக்கொண்டேன். இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செசில் சின்ன பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி என் முன்னால் வைத்துவிட்டு நிற்கிறாள்.

ஜூலை 15, திங்கள்

நேற்று உடனே முத்தியால்பேட்டையில் தணிகாசலம் வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். மடியில் பாட்டில். ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

தணிகாசலம் அப்போதுதான் விழா முடிந்து சாப்பிட்டு உட்கார்ந்திருந்தான். கோட்டில் பதக்கங்கள் அப்படியே இருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தான். விழாவில் எல்லோரிடமும் முந்தின இரவு ஒயினைப் பற்றித்தான் பேசினேன் என்றான். அமுதா உள்ளறை வாசலில் நின்றாள்.

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம். ஸ்டெபிலைசர் கருகியது, பதினெட்டு நாள், 36 டிகிரி, என் மூக்கு, கடையில் வாங்கியது, எல்லாம். வரிசை மாறி மாறி வந்தது. கடைசியில்தான் முக்கியமானதைச் சொன்னேன்.

"நேத்து நீ குடிச்சது உன் பாட்டில் இல்ல. இதுதான் உன்னோடது. இது நல்லா இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியல."

அவன் அந்தச் சின்ன பாட்டிலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப நேத்து நான் எதுக்கு அழுதேன்?"

அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தான். பாட்டிலை அப்படியே கவிழ்த்து ஊற்றினான். மெதுவாக, கொஞ்சம் பொறுத்து என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தான். சத்தமாக வைக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"அமுதாவோட ரிப்போர்ட் ஒவ்வொண்ணையும் உன்கிட்டதான் மொதல்ல படிச்சுக் காட்டினேன். என் தம்பிக்குக்கூட அப்புறம்தான் சொன்னேன். நீ ஆறு மாசமா மூக்கு இல்லாம என் எதிர்ல உக்காந்திருக்க. ஒரு வார்த்தை சொல்லல."

ஒயினைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"கெளம்பு எத்தியேன்" என்றான். கிளம்பினேன். அமுதா வாசல் வரை வந்தாள்.

ஜூலை 16, செவ்வாய்

டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பர்கோன் கிட்டத்தட்ட வினிகர் ஆகியிருந்ததாம். "நீங்க செர்ரின்னு சொல்லிட்டீங்க. நான் என் நாக்குல ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். பதினைந்து வருடமாக, லியோனுக்கு வந்து பார்த்த நாளிலிருந்து, என் வார்த்தைகளை எழுதி எழுதித் தன் நாக்கை நம்பாமலே போய்விட்டார். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

காது மூக்கு தொண்டை நிபுணர் ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார்.

ஜூலை 19, வெள்ளி

மூக்குக்குள் குழாயை விட்டுப் பார்த்தார்கள். சளி இல்லை. அடைப்பும் இல்லை. காய்ச்சல் வாசனை நரம்பைப் பாதித்திருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். தினம் இரண்டு வேளை நான்கு வாசனைகளை மோந்து பழக வேண்டும்.

வரும் வழியில் செசில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

ஜூலை 20, சனி

எலுமிச்சை: ஒன்றுமில்லை.
கிராம்பு: ஒன்றுமில்லை. மூக்கில் ஓர் ஊசிக் குத்தல்.
பன்னீர் ரோஜா: ஒன்றுமில்லை.
யூகலிப்டஸ்: குளிர்ச்சி. வாசனை இல்லை.

ஜூலை 25, வியாழன்

தணிகாசலம் போனை எடுக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

அமுதா இன்று சாயங்காலம் சென்னைக்குப் போய் விமானம் ஏறுகிறாள். சொல்லிக்கொள்ள வந்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பேசுகிறார், சாப்பிடுகிறார், உங்கள் பேரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார் என்றாள்.

எனக்கு வாசனை திரும்ப ஒன்றரை வருடம் ஆனது, நடுவில் இனி வராது என்று நானே முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னாள். ஆறுதலுக்காகச் சொல்வது போல் இல்லை, தகவல் சொல்வது போல் சொன்னாள். அதனால் கேட்க முடிந்தது.

செசில் வடகக் குழம்பு கட்டிக் கொடுத்தாள். விமானத்தில் விடமாட்டார்கள் என்றேன். சென்னை போகும் வரை சாப்பிடட்டும் என்றாள்.

ஆகஸ்ட் 10, சனி

அலமாரியில் மிச்சமிருந்த பத்து பாட்டில்களையும் டாக்டர் முன்னிலையில் திறந்தேன். அவர் மோந்தார், செசில் மோந்தாள். நான் ஊற்றினேன், சொன்னதை எழுதினேன். ஏழு கெட்டுவிட்டது. மூன்று தேறும் என்றார்கள். ஒன்றைப் பற்றி இரண்டு பேருக்கும் வாக்குவாதம். செசில் விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்கு இப்படி ஒரு மூக்கு இருப்பது முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நான் மாதா கோயில் பூசை முடிந்து வந்தபோது தணிகாசலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். செசில் எதிரில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்ததாம்.

நானும் உட்கார்ந்தேன். மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். அப்படியேதான் இருக்கிறது என்றேன். டாக்டர் என்ன சொன்னார், மருந்து உண்டா, எத்தனை வேளை என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் சொன்னேன். மகளுடைய ரிப்போர்ட்டுகளை நான் கேட்டதுபோல, குறுக்கே பேசாமல் கேட்டான்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அன்னிக்குக் கோவத்துல டம்ளர்ல ஊத்திக் குடிச்சேன் பாரு. என்ன ருசின்னே தெரியல. முப்பது வருஷம் வச்சிருந்தது. தண்ணி மாதிரி முழுங்கிட்டேன்."

ஒரு மாதமாக இதைத்தான் அவன் சுமந்துகொண்டிருந்திருக்கிறான், என் மேல் உள்ள கோபத்தை மட்டும் இல்லை. அவனுக்கு நாக்கு இருந்தது, குடித்தபோது மனசு அங்கே இல்லை. எனக்கு மூக்கு இல்லை. அந்த பாட்டிலைக் குடித்த நான்கு பேரில் அது எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி தூலூஸில் இருக்கிறாள்.

அவன் செசில் பக்கம் திரும்பினான்.

"நீ குடிச்சியேம்மா. எப்படி இருந்துச்சு?"

செசில் கத்தியை நிறுத்தினாள். நான் வார்த்தைகளுக்காகக் காத்திருந்தேன். என் மனசுக்குள் ஒரு பட்டியலே ஓடியது, கேதுரு, அத்தி, புகையிலை. அவற்றில் எதை அவள் சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு என்ன சொல்லத் தெரியும்" என்றாள். "நான் ஒரு வாய்தான் குடிச்சேன். அமுதா குடிக்கிறதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். மொதல்ல மோந்தா. அப்புறம் கொஞ்சமா வாயில வச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டா. முழுங்கவே இல்ல, ரொம்ப நேரம். சொவத்துல சாஞ்சிக்கிட்டு நின்னா. அப்புறம் கண்ணத் தொறந்து, 'தெரியுது அத்தை, எல்லாமே தெரியுது'ன்னு சொன்னா. சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சா."

தெருவில் மீன்காரியின் குரல் கேட்டுக் கடந்துபோனது.

"இன்னொரு தடவ சொல்லு தங்கச்சி" என்றான்.

செசில் முதலிலிருந்து சொன்னாள்.